டூட்டி இல்லாத நாளில் ஒரு டாக்டர் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. ஈரோடு பக்கம் விவசாயக் குடும்பம். எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் ஓபி, வாரத்தில் இரண்டு தடவை 24 மணி நேர டூட்டி. திருக்கை குத்தியவர்கள், பாம்புக்கடி, ஈசிஆர் விபத்து, வெயிலில் மயங்கி விழும் யாத்திரிகர்கள் என்று கேஷுவால்டி ஓய்வதில்லை. குவார்ட்டர்ஸுக்கு வந்து படுத்தால் போனில் ரீல்ஸ் பார்த்துப் பார்த்தே இரவு இரண்டு மணியாகிவிடுகிறது. காலேஜில் நன்றாகப் படம் வரைவேன். இங்கு வந்த பிறகு பென்சிலைத் தொடவில்லை. பிஜி நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. டீக்கடையில் போய் உட்கார்ந்தால் யாராவது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்துவிடுகிறார்கள். வீட்டில் "படிக்கிற வேலையப் பாருப்பா" என்கிறார்கள். டூட்டி போக எனக்கென்று கொஞ்சம் வாழ்க்கை வேண்டும் என்று நினைப்பது சுயநலமா? எங்கிருந்து தொடங்குவது? வார்டில் பார்க்கிற முகங்களை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சுயநலம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க மன்னிப்புக் கேட்கிற தொனி இருக்கிறது. எந்தத் தப்பும் செய்யாத பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பதைப் படிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் இந்தக் கடற்கரை ஊர்களில் பொது மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவன். என்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர்களில் யார் சீக்கிரம் கசந்துபோனார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். டூட்டியைத் தவிர வேறு எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத, ரொம்பப் பொறுப்பான பிள்ளைகள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆனால் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் தூக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்களுக்கு ஆர்வம் செத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரத்தில் இரண்டு இரவு தூக்கம் போய், மற்ற இரவுகளிலும் இரண்டு மணி வரை போன் பார்த்தால் யாருக்கும் எதிலும் பிடிப்பு இருக்காது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை நிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டியும் தொடரும் பழைய டூட்டி முறையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள், டூட்டி நேரத்தைக் குறைத்த முறையில் நடந்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள். படிப்பு, திறமை எல்லாம் அதேதான், தூக்கம்தான் மாறியது. அதனால் தூங்குவதை ஓய்வு நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். நோயாளிக்கு நீங்கள் செய்யும் வேலையில் அது ஒரு பகுதி.

காலை எட்டு மணிக்கு டூட்டி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குக் கெட்டியான துணி போட்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்குங்கள். மதியம் எழுந்துவிடுங்கள். மாலை வரை தூங்கினால் இரவு தூக்கம் வராது, அப்புறம் அந்த ரீல்ஸ்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டு, மருத்துவமனை எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வையுங்கள். இன்னொன்று, டூட்டி முடிந்த காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ கிளம்பாதீர்கள். நேராகப் போகிற அந்தச் சாலையில், எதிர்க்காற்றும் வெயிலும் சேர்ந்தால் கண் தானாகச் சொருகும். பஸ்ஸில் போங்கள்.

டூட்டி அட்டவணையைப் பற்றியும் பேசத் தயங்காதீர்கள். மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024இல் தந்த அறிக்கையில், முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது உங்கள் பணிக்கென்று எழுதியது இல்லை, வெறும் பரிந்துரையும்கூட. ஆனாலும் மருத்துவர்களின் சோர்வை எல்லோரும் ஒரு பிரச்சினையாக ஒத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. இரண்டு 24 மணி நேர டூட்டிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு முழு இரவு கிடைக்கும்படி மாற்றிக்கொள்ள, கூட வேலை பார்க்கும் டாக்டர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசிவிட்டு, எழுதிய அட்டவணையாகவே தலைமை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். குறையாகச் சொன்னால் அனுதாபம் கிடைக்கும். அட்டவணையாகக் கொடுத்தால் கையெழுத்துக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சரி, இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் எதிலும் மனம் ஒட்டவில்லை, விடிகாலையிலேயே விழிப்பு வந்து நெஞ்சு கனக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவையாவது தோன்றுகிறது என்றால் அதைச் சோர்வு என்று தள்ளாதீர்கள். இதையெல்லாம் ஒரு நோயாளி சொன்னால் என்ன செய்வீர்களோ அதை உங்களுக்கும் செய்யுங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இனி பென்சிலுக்கு வருகிறேன்.

டூட்டி டாக்டருக்கு எல்லாப் பொழுதுபோக்கும் ஒத்துவராது. கிரிக்கெட் டீமில் சேர்ந்தால் பாதி மேட்சில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், நீங்கள் போனால் டீமுக்கும் கஷ்டம். நடுவில் எழுந்து போனாலும் கெடாத வேலை ஒன்று வேண்டும். பாதியில் நின்ற படம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். அதனால் உங்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருப்பதே சரியான பொழுதுபோக்கு. புதிதாக எதையும் தேட வேண்டாம்.

எதை வரைவது? மீனை வரையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரான்சிஸ் டே என்று ஒரு டாக்டர், 1852இல் மெட்ராஸ் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தவர். நோயாளி பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்தார். கடைசியில் இந்திய மீன்களைப் பற்றி, துல்லியமான படங்களோடு அவர் எழுதியது 1875 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அவருக்கும் பல தலைமுறை முந்தியவர் பாட்ரிக் ரஸ்ஸல். அவரும் டாக்டர்தான். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796இல் வந்தது. நீங்கள் கேஷுவால்டியில் பார்க்கிற கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். டாக்டர்களுக்கும் இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது. அவர்கள் மருத்துவத்துக்குத் துரோகம் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நீங்கள் இருக்கிற இடமோ அதற்கென்றே அமைந்த இடம். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஆடியில் தெற்குக் கடல் குமுறும்போது வடக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது அது தலைகீழாகும். ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் ஆண் கடல், பெண் கடல் என்று பிரித்துச் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். ஈரோட்டிலிருந்து வந்த உங்களுக்கு இது முழுக்கப் புது உலகம். ஒன்றரை வருடமாக அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு போன் பார்த்திருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம்.

டூட்டி இல்லாத ஒரு காலையில் ஆறு மணிக்குப் படகு கரையேறும் இடத்துக்குப் போங்கள். பாம்பனோ மண்டபமோ கீழக்கரையோ, உங்களுக்கு எது கிட்டவோ அது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகிற நாள் வேறு வேறாக இருக்கும் என்பதால், என்றைக்கு மீன் அதிகம் வரும் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு நேரம். ஏலம் முடிந்து, கூடைக்காரப் பெண்கள் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்போது போய், "அக்கா, இது என்ன மீனு?" என்று கேளுங்கள். ஓரா, பாறை, ஊளி, சீலா, காரல், கிளிமீன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரே ஒரு மீனைக் காசு கொடுத்து வாங்கி, குவார்ட்டர்ஸில் தட்டில் வைத்து வரையுங்கள். நிறம் சீக்கிரம் மங்கும், அதனால் முதலில் நிறத்தைக் குறித்துக்கொண்டு அப்புறம் கோட்டுக்கு வாருங்கள். பக்கத்தில் பெயர், தேதி, எந்தக் கரை, அன்றைக்கு என்ன காற்று, இதெல்லாம் ஒரு வரி. வரைந்த பிறகு குழம்பு வைத்துச் சாப்பிடலாம்.

இதனால் வேலையிலும் ஒரு பலன் வரும், ஆனால் அந்தப் பலனுக்காக வரையாதீர்கள். திருக்கை குத்தி வருகிறவருக்குத் தாங்குகிற சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் காலை வைக்கச் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததே. முள் உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்ப்பதும் தெரியும். திருக்கையை வாங்கி வரைந்த கைக்கு, அந்த முள்ளின் ரம்பப் பல் எந்தத் திசையில் பார்க்கிறது, ஏன் இழுத்தால் கிழிக்கிறது என்பது புத்தகம் இல்லாமலே தெரிந்திருக்கும். கடல் பாம்புக்கும் விலாங்குக்கும் வித்தியாசம் அந்தத் தட்டையான துடுப்பு வாலில் இருக்கிறது என்பதும் அப்படியே. நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது, கடல் பாம்புக்கு இல்லை. எனவே வலையில் எது கடித்தது என்று கேட்டுப் புரிந்துகொள்வது இந்தக் கரையில் சின்ன விஷயம் இல்லை. "வால் எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று கேட்கிற டாக்டரிடம் கடிபட்டவர் நிதானமாகப் பதில் சொல்வார்.

மீன் அலுத்தால் பறவை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கண்மாய்கள் நிரம்பிய வருடம் என்றால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் என்று மாவட்டத்துக்குள்ளேயே பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்த வருடம் அங்கே போய் ஏமாற வேண்டாம். தை, மாசியில் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரை வருகிறதா என்று பாருங்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. வீட்டிலிருந்து அப்பா, அம்மா வந்தால் அங்கே கூட்டிப்போங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

மூன்று எச்சரிக்கை. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். இரண்டு கடல் சேரும் இடத்தின் இழுப்பு நீச்சல்காரரையும் கொண்டுபோகும், அதன் முடிவு உங்கள் கேஷுவால்டிக்கே வந்திருக்கும். அடுத்தது, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு யாராவது "வாங்க டாக்டர், நம்ம படகுலயே போய்ட்டு வரலாம்" என்று அன்பாகக் கூப்பிடுவார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மாட்டினால் படகுக்காரருக்குத்தான் பெரிய கஷ்டம். மூன்றாவது, பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் நினைவுப் பொருளாகக்கூட எடுக்காதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. உங்களுக்குத்தான் வரையத் தெரியுமே.

டீக்கடைக்கு வருவோம். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர் மேல் கோபப்படாதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓபி வரிசையில் நிற்க முடியாதவராக இருக்கலாம். அதற்காக டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து சொல்வதும் தப்பு. தொட்டுப் பார்க்கவில்லை, பழைய சீட்டு இல்லை, எழுதி வைக்க இடமில்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப என்ன பண்ணுது?" நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்குத் தலைவலியோ வீக்கமோ என்றால் டீயை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கோ 108க்கோ ஏற்பாடு செய்யுங்கள். மற்றதெல்லாம், "இங்க பார்த்தா அரைகுறையா இருக்கும் அண்ணே, நாளைக்கு ஓபிக்கு வாங்க, நல்லாப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் நல்லாப் பாருங்கள். நாலு பேருக்கு அப்படி நடந்தால் ஊரே புரிந்துகொள்ளும். அப்புறம், மீன் படம் வரைகிற டாக்டர் என்று பெயர் பரவிவிட்டால், ரிப்போர்ட்டுக்குப் பதில் "தம்பி, இந்த மீன பாத்திருக்கீங்களா?" என்று வருகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள். நோயாளியாக வராமல் உங்களைச் சந்திக்கிற நாலு பேர் இந்த ஊரில் உங்களுக்கு அவசியம் வேண்டும். வரைவதைவிடவும் அது பெரிய விஷயம்.

பிஜி படிப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்தத் தேர்வுக்குக் கடைசி சில மாதங்கள் நீண்ட நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும், அப்போது படம் வரைவது வாரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கும், பரவாயில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் பணிக்காலத்துக்கு எது பொருந்தும் என்று இப்போதே விசாரித்து, எந்த வருடத் தேர்வு உங்கள் இலக்கு என்று முடிவு செய்யுங்கள். தேதி தெரியாத தேர்வுக்குத்தான் புத்தகம் கட்டுப் பிரியாமல் கிடக்கும். அதுவரை டூட்டி இல்லாத நாட்களில் ஓபிக்கு முன் ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு டூட்டியிலும் பார்த்த ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை மறுநாள் மாலை படியுங்கள். டூட்டி முடிந்த காலையில் படிக்க உட்காராதீர்கள், ஏறாது.

வீட்டில் சொல்வதைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் அம்மா அப்பாவுக்கு உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று தெரியாது. "நல்லா இருக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வு வருடத்தையும் படிக்கிற நேரத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். மீன் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பயம் குறைந்தால் கேள்வியும் குறையும்.

கடைசியாக, வார்டு முகங்களை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று கேட்டீர்கள். போடக் கூடாது. அவர் சரி என்று சொன்னாலும் கூடாது, ஏனென்றால் ஊசியைக் கையில் வைத்திருக்கிற டாக்டரிடம் முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியம் வராது. முகத்தை மாற்றி வரைந்தாலும், இந்த மாதிரிச் சின்ன ஊரில் கட்டுப் போட்ட கையையும் கழுத்துச் சங்கிலியையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்காக வரைந்து நோட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தாலும் பெயர், நோய், தேதி எதையும் எழுதாதீர்கள், மருத்துவமனைக்குள் உட்கார்ந்தும் வரையாதீர்கள். கரையில் வலை பின்னுகிறவரை, கருவாடு காய வைக்கிற அக்காவை வரைய ஆசை என்றால் பக்கத்தில் போய்க் கேட்டுவிட்டு வரையுங்கள், முடித்ததும் அவர்களிடம் காட்டுங்கள், கேட்டால் அந்தப் படத்தையே கொடுத்துவிடுங்கள். மீன் படங்களை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.